ஆத்தோர சைட்டுக்கு இன்சூரன்ஸ்: வெவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரே, சொல்லுங்க

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில ஆத்துப் பக்கமா ஒரு கட்டட வேலை எடுத்திருக்கேன். ‘கான்ட்ராக்டர் ஆல் ரிஸ்க்’ பாலிசி (வேலை நடக்கும்போது கட்டடத்துக்கு வர்ற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) இருந்தாத்தான் அக்ரிமென்ட்னு ஓனர் நிக்காரு. பேருதான் ஆல் ரிஸ்க். நம்ம ஆளு சாரத்துல இருந்து விழுந்தா அதுல பைசா வராது, தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியா எடுக்கணும். அது தெரியும்.

குழப்பம் எங்கன்னா, சென்ட்ரிங், கம்பி வேலை ரெண்டும் சப் கான்ட்ராக்ட். அவங்க கூட்டிட்டு வர்ற ஆளுகளையும் என் தொழிலாளர் பாலிசியிலயே சேத்துரலாமா, அவங்களே தனியா எடுக்கணுமா? தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டா, ஆல் ரிஸ்க்ல வருமா? 2023 டிசம்பர்ல தாமிரபரணியில வந்த வெள்ளத்தை எல்லாரும் பாத்தோம். வெள்ளச் சேதத்துல நம்ம கையில இருந்து போட வேண்டிய பங்கு எவ்வளவு வைக்காங்க?

ஏஜென்ட் எல்லாத்துக்கும் ‘வரும் சார்’ங்காரு. அதான் பயமா இருக்கு. கிளெய்ம் வாங்குனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.