‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ முதல் சிடி: பொறுமையாகக் கேட்டால் பிடிபடுமா?

செந்தூல் செவியன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புரோகிரசிவ் ஹவுஸ் எனப்படும் மின்னணு நடன இசையைச் சில ஆண்டுகளாக விரும்பிக் கேட்டு வருகிறேன். ஆனால் இதுவரை தனித்தனி டிராக்குகளாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறேன். அலுவலகத்தில் உள்ள மூத்தவர் ஒருவர், இந்த இசையின் அருமை தனி டிராக்கில் தெரியாது, பலரின் டிராக்குகளை ஒரு டிஜே இடைவிடாமல் கோத்துத் தரும் மிக்ஸ் ஆல்பத்தில்தான் தெரியும் என்று சொல்லி, பிரிட்டன் டிஜேக்களான சாஷாவும் ஜான் டிக்வீடும் சேர்ந்து 1996இல் மினிஸ்ட்ரி ஆப் சவுண்ட் வெளியீடாகக் கொண்டுவந்த ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ ஆல்பத்தை இரவல் கொடுத்தார். வடக்கு, தெற்கு என்று இரண்டு சிடிகள்.

தெற்கு எனக்கு உடனே பிடித்துவிட்டது. வடக்குதான் பிடிபடவில்லை. தாளமே இல்லாத ஒலிகளில் தொடங்குகிறது; தாளம் வந்த பிறகும் நேராக நான்கு அடிகளாக விழாமல் உடைந்து உடைந்து வருகிறது; ஆட்டத்துக்குரிய கிக் டிரம் நிலைகொள்ள வெகுநேரம் ஆகிறது. பலரும் இந்த முதல் சிடியைத்தான் மேலானது என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நான் எதைத் தவறவிடுகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. சாஷாவின் ‘இன்வால்வர்’ (2004) ஆல்பத்தைக் கேட்டபோது அது எனக்கு மிகவும் பிடித்தது. அது கணினியில் உருவாக்கப்பட்டது என்பதால் அதை டிஜே மிக்ஸ் என்றே சொல்லக்கூடாது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். உங்கள் கருத்து என்ன? கடைசியாக ஒரு சிறு தொல்லை: சிடியை எம்பி3ஆக மாற்றிக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதுதான் கேட்கிறேன். ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கண நேரம் ஒலி அறுபடுகிறது.

ஜெலுத்தோங் முத்து எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. பினாங்கில் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரோகிரசிவ் ஹவுஸ் என்ற பெயர் 1992 வாக்கில் பிரிட்டனின் மிக்ஸ்மாக் இதழ் வழியாகப் பரவியது. 2010க்குப் பிறகு பெரிய திருவிழா மேடைகளில் ஒலித்த, நிமிடத்துக்கு ஒரு முறை உச்சத்துக்குப் போய் வெடிக்கிற இசைக்கும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். அந்த இசையைக் கேட்டுப் பழகிய காது, 1996இன் ஆல்பத்திலும் வெடிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கும். வடக்கு சிடியில் அது வராது; வரவேண்டிய தேவையும் இல்லை. சாஷாவும் டிக்வீடும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1994இல், ரெனசான்ஸ் கிளப்புக்காக மூன்று சிடிகள் கொண்ட ஒரு தொகுப்பைச் செய்தார்கள். அது ஆட்டக்களத்தின் இரவை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ செய்யும்போது அவர்கள் இன்னொன்றை முயன்றார்கள் என்றே நான் நம்புகிறேன்: ஆடாமல், உட்கார்ந்தோ பயணம் செய்தபடியோ கேட்பவருக்கென்று ஒரு மிக்ஸ். அதனால்தான் வில்லியம் ஆர்பிட்டின் ‘வாட்டர் ஃப்ரம் எ வைன் லீஃப்’ போன்ற ஒன்று அங்கே இடம்பெறுகிறது. பெத் ஆர்ட்டனின் குரல் அதில் பாட்டாக இல்லாமல், பக்கத்தில் யாரோ மெல்லப் பேசுவதைப் போல வந்து போகும். தனி டிராக்காகக் கேட்டால் அழகான இசை, அவ்வளவுதான். மிக்ஸின் நடுவே, அதற்கு முன் வந்த ஒலிகள் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால், அந்தக் குரல் வருகிற இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

நீங்கள் கேட்கும் இடமும் ஒரு காரணம். எல்ஆர்டியின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. வடக்கு சிடியில் நடக்கிற மாற்றங்களும் அதே தாழ்ந்த ஒலிகளில்தான், அதுவும் மிக மெதுவாக நடக்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். எனக்கு இந்த ஆல்பம் முழுமையாகத் திறந்தது கோலாலம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில்தான். பட்டர்வொர்த்தில் வடக்கு சிடியைப் போட்டால் கோலகங்சார் பக்கம் வரும்போது முடியும். அங்கே தெற்கைப் போட்டால், சற்று நேரத்தில் மெனோரா சுரங்கப்பாதை வரும். இரண்டாவது சிடியும் முடியும்போது தாப்பாவை நெருங்கியிருப்பீர்கள். மலைகளுக்கு நடுவே சாலை வளைந்து ஏறுகிற அந்தப் பகுதியில், இரவு நேரத்தில், பாதை மாறுவதும் இசை மாறுவதும் ஒன்றாகவே நடக்கும். ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

பெட்டாலிங் வாணி எழுதியது:

முத்து ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் ஒலிப்பதிவுத் துறையில் பணிபுரிபவள் என்பதால் இணைப்புகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். மிக்ஸ் ஆல்பத்தை மதிப்பிட வேண்டிய இடம் டிராக் பட்டியல் அன்று, இணைப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த இசை பெரும்பாலும் 32 அடிகள் கொண்ட தொகுதிகளாக நகரும். நிமிடத்துக்கு 125 அடி என்ற வேகத்தில் ஒரு தொகுதி ஏறக்குறைய 15 வினாடி நீளும். புதிய ஒலி ஒன்று சேர்வதும் பழையது விலகுவதும் பெரும்பாலும் இத்தொகுதிகளின் எல்லையில்தான் நடக்கும். நல்ல டிஜே இரண்டு டிராக்குகளின் எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்படி வைப்பார். அடுத்த முறை கேட்கும்போது ஒரே ஒரு இணைப்பை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். முதலில் புதிய டிராக்கின் ஹை-ஹாட் (சிறு தாளத்தட்டு ஒலி), ஏற்கெனவே ஓடுகிற தாளத்தின் மேல் மெல்லிய உராய்வாகச் சேரும். அப்போது அதன் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். இரண்டு பாஸ் ஒரே நேரத்தில் ஒலித்தால் சேறாகிவிடும். ஒன்றிரண்டு தொகுதிகள் கடந்ததும், ஒரு குறிப்பிட்ட அடியில் பழைய பாஸ் விலக, அதே அடியில் புதிய பாஸ் உட்காரும். பாடல் மாறிவிட்டது என்பதை மனம் அறிவதற்குள் கால் மாறியிருக்கும். வடக்கு சிடியில் இந்த வேலை இன்னும் கடினமானது. தாளமே இல்லாத பகுதிகளில் அடியைப் பொருத்தி மறைத்துக்கொள்ள முடியாது. சுருதி சேர வேண்டும், ஒலியின் நிறம் சேர வேண்டும். அந்த மெதுவான முதல் பகுதியைப் பலர் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சுருதி என்றதும் உங்கள் ‘இன்வால்வர்’ கேள்விக்கு வருகிறேன். இசைத்தட்டில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் உயரும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆனால் 6 விழுக்காடு கூட்டினாலே சுருதி ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும். அதாவது 122 அடி வேகமுள்ள டிராக்கை 128க்குக் கொண்டுபோனால், அது கிட்டத்தட்ட வேறு சுருதியில் ஒலிக்கும். 2001இல் ஏபிள்டன் லைவ் மென்பொருள் வந்த பிறகு வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றுவது எளிதாயிற்று. சாஷா ‘இன்வால்வரில்’ அதற்கும் ஒரு படி மேலே போனார்: கிராண்ட் நேஷனல், ஷ்பாங்கிள், உல்ரிக் ஷ்னாஸ் போன்றோரின் பாடல்களை எடுத்து, அவற்றின் தனித்தனிப் பகுதிகளைப் பிரித்துத் தம் கையால் மறுபடி கட்டி, பிறகு கோத்தார். கிட்டார் இசைக்குழுவின் பாடல் ஒன்று ஆல்பத்தின் வாசலில் நிற்பது அப்படித்தான் சாத்தியமாயிற்று. தேர்வும் கோக்கும் வேலையும் இருக்கின்றன, இடைவிடாத ஓட்டம் இருக்கிறது. ஆகவே அது மிக்ஸ்தான். கருவி மாறியதற்காகத் தகுதி போய்விடாது.

ஒலி அறுபடுவதற்குக் காரணம் எம்பி3. அது ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியின் கண நேர அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு சுமார் 26 மில்லி வினாடி. டிராக்கின் நீளம் அதற்குச் சரியாகப் பொருந்தாதபோது மீதி இடம் மௌனத்தால் நிரப்பப்படும்; தொடக்கத்திலும் சிறிது மௌனம் சேரும். அதைக் கழித்து ஒலிக்கத் தெரியாத செயலியில் இடைவெளி கேட்கும். ஒலியில் எதையும் இழக்காத ஃப்ளாக் வடிவில் மாற்றுங்கள், அல்லது சிடி முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில், ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். டிஜே செய்த இணைப்பின் மேல் இயந்திரம் இன்னொரு இணைப்பைப் போடுவது கொடுமை.

கிள்ளான் உறுமி எழுதியது:

வாணி அக்காவின் விளக்கம் அருமை. ஆனால் ‘இன்வால்வர்’ பற்றி நான் மாறுபடுகிறேன். அது மோசமான ஆல்பம் என்று சொல்லவில்லை; பல இரவுகள் கேட்டிருக்கிறேன். என் குறை வேறு. ஒருவரே எல்லாப் பாடல்களையும் மறுபடி கட்டிவிட்டால், அவை சந்திக்கும்போது முரண்டு பிடிக்க வழியே இல்லை. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு பேருடைய இசை, மூன்றாமவர் கையில் முதன்முறையாகச் சந்தித்து, இணங்குமா இணங்காதா என்று ஒரு கணம் தயங்கிப் பிறகு இணங்குவதுதான் மிக்ஸின் உயிர் என்று நினைக்கிறேன். ‘நார்தர்ன் எக்ஸ்போஷரில்’ அந்தத் தயக்கம் கேட்கிறது. ‘இன்வால்வரில்’ எல்லாம் முன்பே பேசி முடித்து வைத்ததைப் போல வழுவழுப்பாக ஓடுகிறது.

நான் தைப்பூசக் காலத்தில் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன். பத்துமலையில் காவடியோடு நடக்கும்போது பாட்டு மாறும், வேகம் மாறும், ஆனால் அடி நிற்கக்கூடாது. நின்றால் காவடி எடுப்பவரின் கால் தடுமாறும். அடுத்த பாட்டுக்கான தாளத்தை உறுமிக்காரர் பழைய தாளத்துக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்துவிடுவார். பாடுபவர் அதைக் கேட்டுத்தான் வரியை எடுப்பார். ஒருவர் மற்றவருக்குக் காது கொடுக்கும் அந்தக் கணங்கள் ஒத்திகையில் வருவதில்லை. அதனால்தான் எனக்கு இரண்டு பேர் சேர்ந்து செய்த மிக்ஸ் மேல் தனிப் பற்று.

அதே நேரத்தில், செந்தூல் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்களுக்குத் தெற்கு அதிகம் பிடித்தது என்பதற்காக உங்கள் காதில் குறை இருப்பதாக எண்ணாதீர்கள். எனக்கும் தெற்குதான் மேல். வடக்கு சிடி மிக அழகானது, ஆனால் அதன் நடுப்பகுதி தன் அழகைத் தானே ரசித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. தெற்கில் ஒவ்வொரு இணைப்பும் நம்மை ஓரடி முன்னே தள்ளுகிறது.

பெட்டாலிங் வாணி எழுதியது:

தம்பி, தயக்கம் பற்றிய உங்கள் கருத்து என்னைச் சிந்திக்க வைத்தது. இருந்தாலும், இணைப்பில் இழந்ததை ‘இன்வால்வர்’ வேறோர் இடத்தில் ஈடுசெய்கிறது என்பேன்: ஒரு பாடலின் மெட்டு, அந்தப் பாடல் வருவதற்கு வெகு முன்பே நிழலாகத் தலைகாட்டுகிறது. இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் முன்கூட்டிச் செய்வது மிகக் கடினம். வடக்கின் நடுப்பகுதி நின்றுவிடுகிறது என்பதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செந்தூல் செவியன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாணி அக்கா சொன்னபடி சிடியை ஒரே கோப்பாக மாற்றி, வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு நல்ல ஹெட்போனில் வடக்கைக் கேட்டேன். வில்லியம் ஆர்பிட்டின் டிராக் நுழைகிற இடம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. குரல் வருவதற்கு முன்பே அதற்கான இடம் ஒழித்து வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கு மேல் உள்ள பிரியம் குறையவில்லை, ஆனால் வடக்கை இனி யாரிடமும் மந்தமானது என்று சொல்ல மாட்டேன். சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

ஜெலுத்தோங் முத்து எழுதியது:

குளோபல் அண்டர்கிரவுண்ட் என்ற மிக்ஸ் ஆல்பம் வரிசையில் 1999இல் வந்த இரண்டைக் கேளுங்கள்: சாஷாவின் 13ஆம் தொகுப்பான இபிசா, டிக்வீடின் 14ஆம் தொகுப்பான ஹாங்காங். ‘நார்தர்ன் எக்ஸ்போஷரில்’ ஒன்றாக இருந்த இருவரில் யார் எதைக் கொண்டுவந்தார் என்பது, இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் புரியும். என் காதுக்கு சாஷாவிடம் மெட்டும் உணர்ச்சியும் முந்தி நிற்கின்றன. டிக்வீட் தாளத்தின் இருட்டில் நீண்ட நேரம் பொறுமையாக நடக்கிறார். கிள்ளான் தம்பிக்கு டிக்வீட் தொகுப்பு கட்டாயம் பிடிக்கும்.

சிடி வாங்குவதானால், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் பழம்பொருள் சந்தையில் தேடிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் வட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் லேசான கீறல்கள் இருந்தால் கவலையில்லை. படம் அச்சிட்ட மேற்பக்கம் உரிந்து, ஊசிமுனை அளவுக்காவது வெளிச்சம் ஊடுருவினால் மட்டும் வாங்காதீர்கள்; நம் ஊர் ஈரக்காற்றுக்கு அந்த ஓட்டை மேலும் பெரிதாகும். இரண்டு சிடிகளும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்பதையும் கடையிலேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.