சிர்கோனியா கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் பீங்கான் உறை) கழன்றால் குற்றம் ஒட்டும் சிமெண்டிலா, ப்ரெப்பிலா (உறைக்காகப் பல்லைச் சீவிய விதத்திலா)?

கடைவாய்: கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல், சிர்கோனியா கிரவுன், ரெசின் சிமெண்டில் ஒட்டி நாலு மாதம்தான் ஆகிறது. நேற்று அந்த அம்மா கிரவுனைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ப்ரெப் உயரம் 3 மி.மீ. இருந்தால் அதிகம். லேப்பிலேயே உட்புறத்தைச் சேண்ட்பிளாஸ்ட் (தூளை வீசிச் சொரசொரப்பாக்குவது) செய்து வந்தது. வாயில் வைத்துப் பார்த்தபின் எச்சில் போக பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் போட்டுக் கழுவி, எம்டிபி பிரைமர் (சிமெண்ட் சிர்கோனியாவைப் பிடிக்க உதவும் திரவம்) தடவித்தான் ஒட்டினேன். எங்கே தப்பு?

பழையகை: 3 மி.மீ.யா? அப்புறம் என்ன கேள்வி டாக்டர். கடைவாய்ப்பல்லுக்கு 4 மி.மீ. சுவராவது வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் இரண்டு பள்ளம் போட்டிருக்க வேண்டும். ஜிங்க் பாஸ்பேட் என்ற பழைய சிமெண்டில் நான் ஒட்டியதெல்லாம் 20 வருஷமாக நிற்கிறது. சீவத் தெரியாதவர்களுக்காகக் கம்பெனிக்காரன் கொண்டுவந்ததுதான் இந்தப் பிரைமர்.

எம்டிபி ரசிகன்: சார், கொஞ்சம் பொறுங்கள். கடைவாய், பழைய சிமெண்ட் எதில் ஒட்டியிருந்தது, கிரவுனிலா பல்லிலா?

கடைவாய்: பல்லில். கிரவுனின் உட்புறம் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி சுத்தம்.

எம்டிபி ரசிகன்: அப்படியென்றால் பல் பிடித்துக்கொண்டது, சிர்கோனியாதான் கைவிட்டது. எனக்கு அந்த ஜெல் மேல்தான் சந்தேகம். எம்டிபி தன் பாஸ்பேட் முனையால்தான் சிர்கோனியாவைப் பிடிக்கிறது. அங்கே ஆசிட்டின் பாஸ்பேட் முன்னாடியே போய் உட்கார்ந்துவிட்டால் பிரைமருக்கு ஏது இடம்? எச்சிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. லிதியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் என்றால் 5% ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்டில் 20 விநாடி அரித்து, சைலேன் என்ற இணைப்புத் திரவம் தடவினால் வேலை முடிந்தது. சிர்கோனியாவில் அரிக்கக் கண்ணாடியே கிடையாது. வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் சேண்ட்பிளாஸ்ட், 50 மைக்ரான் அலுமினா, அழுத்தம் 2 பாருக்கு மேல் வேண்டாம். உடனே பிரைமர்.

பழையகை: எல்லாம் சரி, கடைசிப் பல்லில் நாக்கு ஒரு பக்கம் எச்சில் ஒரு பக்கம், ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரிக்கும் ரப்பர் விரிப்பு) போட்டா ஒட்டினார்? ஈரம் பட்டால் ரெசின் என்ன ஆகும்? ப்ரெப் ஒழுங்காக இருந்தால் நான் ஆர்எம்ஜிஐசி (ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட்) போட்டு அனுப்பியிருப்பேன்.

எம்டிபி ரசிகன்: போதிய உயரமும் சரியான சரிவும் இருந்தால் ஆர்எம்ஜிஐசி போதும், அதில் நானும் உங்கள் கட்சிதான். இந்தப் பல்லில்தான் அது இல்லையே சார்.

கடைவாய்: பள்ளம் போட்டால் கிரவுனைப் புதிதாகச் செய்ய வேண்டும், அந்த அம்மா என்னைச் சும்மா விடமாட்டார். விளிம்பு சரியாக உட்காருகிறது, சொத்தையும் இல்லை. நாளை சேண்ட்பிளாஸ்ட் செய்து இதையே ஒட்டிப் பார்க்கிறேன்.

பழையகை: ஒட்டுங்கள். ஆனால் கடியைப் பேப்பர் வைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் இடித்தால் எந்தப் பிரைமரும் நிற்காது. மறுபடி கழன்றால் கைக்குட்டையோடு படம் போடுங்கள்.