கிம்ச்சிக்கு உப்பு: தராசா, நாக்கா?

கிராம்கணக்கு:
காயை உப்புல புளிக்கவைக்க "உப்பு 3 டேபிள்ஸ்பூன்"னு எழுதுற செய்முறையை நம்பாதீங்க. நைஸ் உப்பு ஒரு டேபிள்ஸ்பூன் 18 கிராம் வரை வரும்; கல் உப்பு பரலைப் பொறுத்து மாறும். காயும் தண்ணியும் சேர்ந்த எடைக்கு 2 முதல் 2.5 சதவீதம் உப்பு, அவ்வளவுதான். 600 கிராம் காரட், 400 மில்லி தண்ணின்னா 20-25 கிராம். பலர் தண்ணிக்கு மட்டும் 2 சதவீதம் போட்டு 8 கிராமோட நிறுத்திடுறாங்க. மொத்தத்துல அது 1 சதவீதம்கூட இல்ல. அப்புறம் காய் கொழகொழத்துப் போச்சு, நாறுதுன்னு புலம்பல். கொரியாக்காரங்க கோஸைக் காரமா புளிக்கவைக்கிற கிம்ச்சிக்கும் இதே கணக்குதான்.

கோஸ்தண்டு:
காரட்டுக்குச் சரி. கிம்ச்சிக்கு ஒத்துவராது. கொரிய முறையில நாப்பா கோஸை (நீளமா இருக்குற சீன முட்டைக்கோஸ்) நாலா பிளந்து, 2 கிலோவுக்கு 200 கிராம் அளவுக்குக் கல் உப்பை இலை இடுக்குல, முக்கியமா தண்டுப் பக்கம் தூவி, அப்பப்போ புரட்டி 6-8 மணி நேரம் ஊறவச்சு அலசுறாங்க. எவ்வளவு உப்பு உள்ள போச்சு, எவ்வளவு தண்ணியோட போச்சுன்னு உங்க தராசு சொல்லுமா? வெள்ளைத் தண்டை வளைச்சுப் பாருங்க. டக்குன்னு ஒடிஞ்சா இன்னும் ஊறணும். ஒடியாம மடங்கினா போதும். மூணு தடவை அலசி, தண்டைக் கடிச்சுப் பார்த்தா உப்பு லேசா தூக்கலா தெரியணும். 2 மணி நேரமாவது கவிழ்த்து வடியவிடுங்க.

கிராம்கணக்கு:
அலசவே வேண்டாமே! கோஸைத் துண்டாக்கி, எடைக்கு 2.5 சதவீதம் உப்பு பிசறி, அப்படியே மசாலா கலக்கலாம். மீன் சாஸ்ல ஏறக்குறைய கால் பங்கு உப்பு. 40 கிராம் ஊத்தினா 10 கிராம் உப்பைக் குறைச்சுக்கணும்.

கோஸ்தண்டு:
செய்யலாம், ஆனா கோஸ் விடுற தண்ணி எங்க போகும்? ஜாடிக்குள்ளதான். கொச்சுகாரு (கொரிய மிளகாய்த்தூள்), பூண்டு, இஞ்சி, அரிசிமாவுக் கூழ் எல்லாம் இலையில ஒட்டாம அடியில தங்கிடும். அதிக உப்புல ஊறவைக்கிறதே அந்தத் தண்ணியை முன்னாடியே வெளியேத்தத்தான்.

ஜாடிமூடி:
உப்புச் சண்டை இருக்கட்டும். தயிரை வடிகட்டின தண்ணி 2 ஸ்பூன் ஊத்தினா சீக்கிரம் புளிக்கும், கெட்டுப்போகிற பயமும் இல்லையே?

கிராம்கணக்கு:
தேவையே இல்ல. தயிர்க் கிருமிகள் பாலுக்கும் 40 டிகிரி சூட்டுக்கும் பழகினவை. கோஸ் இலையிலேயே லூக்கோனாஸ்டாக்ங்கிற புளிக்கவைக்கிற பாக்டீரியா இருக்கு. அது முதல்ல வேலையை ஆரம்பிச்சு வாயுவை விடும். புளிப்பு ஏறினதும் லாக்டோபேசில்லஸ்ங்கிற இன்னொரு பாக்டீரியா வகைகள் பிடிச்சுக்கும். கடைசிவரைக்கும் பாதுகாப்பு தர்றது அந்தப் புளிப்புதான். பிஹெச் (புளிப்பு கூடக் கூட இறங்குற அளவு) 4.6-க்குக் கீழ இறங்கணும். பிஹெச் தாள் வாங்கி வச்சுக்குங்க.

கோஸ்தண்டு:
இதுல நமக்குள்ள சண்டை இல்ல. ஜாடியை முக்கால்தான் நிரப்பணும், காத்துக் குமிழ் போக அழுத்தணும். 20 டிகிரில ஒண்ணு ரெண்டு நாள், தினம் ஒருமுறை மூடியைத் திறந்து வாயுவை விட்டு, அப்புறம் ஃபிரிட்ஜ். வெயில் காலத்துல ஒரு நாளே அதிகம்.

ஜாடிமூடி:
மேல வெள்ளையா ஆடை மாதிரி படிஞ்சா? பூண்டு நீலமாவும் மாறுதே?

கிராம்கணக்கு:
நீலப் பூண்டு ஒண்ணும் செய்யாது. தட்டையா, சுருக்கம் விழுந்த மெல்லிய வெள்ளைப் படலம் ஈஸ்ட். வழிச்செடுத்துட்டு காயை நீருக்குள்ள அமுக்குங்க. பஞ்சு மாதிரி ரோமம் வச்சு பச்சை, கறுப்புன்னு வந்தா பூஞ்சை. ஜாடியோட கொட்டிடுங்க, மேலாக்க எடுத்துட்டு மீதியைச் சாப்பிடாதீங்க. ஆமா கோஸ்தண்டு, நாக்கு ஏமாத்தினா என்ன பண்ணுவீங்க?

கோஸ்தண்டு:
மசாலா தடவினப்புறம் அலசக் கூடாது. உப்பு கரிச்சா, உப்பு போடாத முள்ளங்கியைத் தடிமனா வெட்டி இடையிடையே சொருகுங்க. அது உப்பை இழுத்துக்கும், முள்ளங்கியும் வீணாகாது. குறைஞ்சா, புளிக்கிறதுக்கு முன்னாடியே மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேருங்க. புளிச்ச பிறகு உப்பு போட்டா ருசி கூடும், கொழகொழத்த தண்டு திரும்ப மொறுமொறுப்பாகாது.