ஹெபடைடிஸ் சி: மாத்திரை தொடங்க மறுக்கும் அப்பா

ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு 58 வயது, விவசாயம். ரத்த தானம் கொடுத்தபோதுதான் ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) தெரிந்தது, ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையும் உறுதி செய்தது. கல்லீரல் சுருக்கம் இல்லை, அசதி மட்டும். சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர் மாத்திரைகளை 12 வாரத்துக்கு எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகிறது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, குறுவை அறுப்பு முடியட்டும்" என்கிறார். கீழாநெல்லி போதுமாம். நிஜமான பயம் வேறு: தெரிந்தவர் ஒருவர் இந்த நோய்க்கு அந்தக் காலத்தில் போட்ட இன்டர்ஃபெரான் ஊசியில் பட்ட பாடு. அப்புறம், ஊருக்குத் தெரிந்தால் என் தங்கை கல்யாணம் தட்டிப்போகும் என்ற கவலை.

2018 முதல் தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம், பெரும்பாலும் முழுக் குணம் என்று டாக்டரே சொல்லியும் அசையவில்லை.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இந்த மாத்திரையை முடித்துக் குணமானவர் யாராவது அப்பாவிடம் போனில் பேசுவீர்களா?