சூளைப் பிள்ளைகளின் வண்டிப் பள்ளி: இன்வெர்ட்டர் நின்றுபோகிறது, உதவுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பழைய மினி பஸ்ஸில் சீட்டுகளைக் கழற்றி, பாய் விரித்து, கல்லல் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பாடம் நடத்துகிறோம். 6 முதல் 14 வயது வரை கல்வி சட்டப்படி உரிமைதான். ஆனால் சீசனுக்கு சீசன் ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளி எட்டுவதில்லை.

பொங்கல் முடிந்து தொடங்கியபோது சிக்கல் இல்லை. இப்போது மூன்று வாரமாக, காலை 11 மணி தாண்டினால் இன்வெர்ட்டர் பீப் அடித்து நின்றுவிடுகிறது. ஃபேன், டிவி எல்லாம் போச்சு. தகரக் கூரை கொதிக்கிறது. நேற்று ஒரு சிறுமி, விரலிடுக்கில் காய்ந்த களிமண்ணோடு, சிலேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து 'அ' எழுதி முடித்தாள். மனசு கேட்கவில்லை.

12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி, கூரையில் 330 வாட் சோலார் பேனல். இரண்டு ஃபேன், நான்கு லைட், 32 இன்ச் டிவி, அவ்வளவுதான் லோடு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம், கேபிள் மாற்றினோம், அப்புறம் பேட்டரியையே புதிதாகப் போட்டோம். இன்வெர்ட்டர் நிற்கும் நேரத்திலும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. வண்டியை வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. இன்வெர்ட்டர் இருப்பது பின்பக்கம், மூடிய இரும்புப் பெட்டிக்குள்.

பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வெயில் ஏறியதும் இன்வெர்ட்டர் நிற்பது, அந்தப் பெட்டிச் சூட்டினால்தானா?