டெரடோஜன்: தமிழில் என்ன சொல்லலாம்?

வளர்மதி:
அனைவருக்கும் வணக்கம். விலங்கியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. நச்சு உலோகங்கள் தவளையின் வளர்ச்சியை எப்படிக் கெடுக்கின்றன என்ற பாடத்தில் 'டெரடோஜன்' பதினான்கு இடங்களில் வருகிறது. வளரும் கருவின் உருவத்தைக் கோணலாக்கும் பொருள் என்று அர்த்தம். காட்மியம் கலந்த நீரில் வளரும் கருவுக்கு முதுகு வளைகிறது, உடல் நீர்கோத்து வீங்குகிறது. 'பிறவிக்குறையாக்கி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

செல்வம்:
தவளைக்கு எதைப் பிறவி என்பீர்கள் அம்மா? முட்டை பொரிவதையா, வால் போய்க் கால் முளைத்துக் கரையேறுவதையா? யாராவது 'கருச்சிதைப்பி' என்று தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், கருச்சிதைவு என்பது மருத்துவத்தில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. 'உருக்குலைப்பி' என்று வைக்கலாம்.

புலவர் பொன்னம்பலம்:
'குலைப்பி' பிழை. குலைந்தது தன்வினை, குலைத்தது பிறவினை. அதன்மேலும் 'பி' ஏற்றினால், படிப்பி என்பதுபோல, வேறொருவரைக் கொண்டு குலைக்கச் செய்வது என்றாகும். காட்மியம் தானே குலைக்கிறது, ஆள் வைத்தா குலைக்கிறது?
கிரேக்கத்தில் 'டெராஸ்' என்றால் விந்தைப் பிறவி. நம்மிடம் சொல் இல்லையா என்ன? புறநானூறு 28ஆம் பாட்டு கூன், குறள் (குள்ளம்) முதலிய எட்டுப் பிறவிக்குறைகளை 'எண்பேர் எச்சம்' என்கிறது. ஆகவே 'எச்சமாக்கி'. நிற்க, 'உலோகம்' எதற்கு? 'மாழை' இருக்கிறதே.

நிலவன்:
ஐயா, எச்சம் என்றதும் மாணவர்கள் பறவையைத்தான் நினைப்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் பெயரெச்சமா வினையெச்சமா என்பார்கள்.
அப்புறம், ஆள் வைத்தும் குலைக்கிறது! வாலைக் கரைத்துக் காலை வளர்க்கும் கட்டளை தைராய்டு சுரப்பிலிருந்து வருகிறது. சில உலோகங்கள் அந்தச் சுரப்பில் கைவைத்து உருமாற்றத்தைத் தள்ளிப்போடுகின்றன. உங்கள் இலக்கணப்படியே 'குலைப்பி' பொருந்திவிட்டது.

செல்வம்:
என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி தம்பி, ஆனால் அந்த வாதம் வேண்டாம். தாமதம் வேறு, கோணல் வேறு. ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவை வைத்துச் செய்யும் சோதனை 96 மணி நேரத்தில் முடிந்துவிடும். எத்தனை கரு செத்தன, எத்தனை கோணலாயின, எவ்வளவு வளர்ந்தன என்பதோடு சரி. உருமாற்றம் அதற்குப் பல வாரம் கழித்து. தலைப்பிரட்டை அடிச்சேற்றைச் சுரண்டித் தின்று, அதிலுள்ள ஈயத்தையும் பாதரசத்தையும் உடம்பில் சேர்த்துக்கொண்டு, கடைசியில் சிறுத்த தவளையாகக் கரையேறினால் அதற்கு வேறு சொல் வேண்டும்.
மாழைக்கு ஒரு கேள்வி: ஆர்சனிக் முழு உலோகமே இல்லை, அதை எந்த மாழையில் சேர்ப்பது?

புலவர் பொன்னம்பலம்:
அரைமாழை!

வளர்மதி:
ஐயா, எனக்கு இன்னும் நாற்பது பக்கம் மீதி. தனிமடலில் வந்த இருவரையும் சேர்த்தால் 'உருக்குலைப்பி' பக்கம் நான்கு பேர். முதல் இடத்தில் டெரடோஜன் என்றும் எழுதிவிடுகிறேன். தாமதத்துக்கு 'உருமாற்றத் தடங்கல்' என்று விளக்கமாகவே போட்டுவிட்டேன். அதற்குத் தனி இழை யாரும் தொடங்க வேண்டாம், குறைந்தது திங்கள் வரை.

புலவர் பொன்னம்பலம்:
அச்சிடுங்கள், தடுக்கவில்லை. 'பி' பிழை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. 'உருக்குலைப்பான்' என்றாவது வைத்திருக்கலாம், அழிப்பான் வகுப்பான் எல்லாம் வழக்கில் உண்டு.

நிலவன்:
காட்மியம் எப்போது ஆண்பாலானது ஐயா?