நடைச் சவாலுக்கு என்னைக் குழுத் தலைவராக்கிவிட்டார்கள், எப்படிச் சமாளிப்பது?

படிக்கட்டு:
மனநல அறக்கட்டளை ஒன்றுக்கு நிதி திரட்ட எங்கள் அலுவலகத்தில் 4 வார நடைச் சவால் வைக்கிறார்கள். குழுவுக்கு 6 பேர், ஆளுக்குத் தினம் 10,000 ஸ்டெப், யார் எவ்வளவு நடந்தார் என்ற பட்டியல் தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். எங்கள் குழுவுக்கு நான் தலைவன் (கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதற்குக் கிடைத்த பரிசு). ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு நைட் ஷிப்ட். முன்பு நடத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையஷூ:
முதலில் அந்த 10,000-ஐத் தூக்கிப் போடுங்கள். அது டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-ல், ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது, அதன் பெயருக்கே 'பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர்' என்றுதான் அர்த்தம், அங்கிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு ஸ்டெப் கணக்கே கிடையாது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்றுதான் இருக்கிறது. நிமிடத்தை எண்ணினால் நீச்சல், சைக்கிள் எல்லாம் உள்ளே வந்துவிடும், முழங்கால்காரரும் வெளியே நிற்க வேண்டாம்.

மதியத்தூக்கம்:
அந்தத் தினசரிப் பட்டியல் மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் இடத்தில் ஒருவர் கூட்டம் நடக்கும்போதே மேஜைக்கு அடியில் வாட்ச் கட்டிய கையை ஆட்டிக்கொண்டிருப்பார், அன்றைக்கு அவர்தான் முதலிடம். அதுகூடச் சிரிப்புதான். ஆனால் தினமும் கடைசியில் வந்த ஒரு பெண் 9-வது நாள் எதுவும் சொல்லாமல் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார், ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. மனச்சோர்வுக்கு அவர் எடுத்த மாத்திரையில் காலையில் எழுந்திருக்கவே முடியாமல் இருந்திருக்கிறது, ஆறு மாதம் கழித்து அவரே சொன்னார். நாங்கள் யாருக்காக நிதி திரட்டினோமோ அப்படிப்பட்டவர் எங்கள் பட்டியலிலேயே கடைசியில் இருந்திருக்கிறார். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை:
போட்டியே வேண்டாம் என்றால் இரண்டாவது வாரம் ஒருத்தரும் ஷூ மாட்ட மாட்டார்கள், அனுபவம். குழுக்களுக்குள் போட்டி இருக்கட்டும், தனி ஆள் எண் வெளியே வரக்கூடாது. தினசரி இலக்கும் வேண்டாம், மாதத்துக்கு மொத்தமாக வையுங்கள். ஆண்களின் உடல்நலம், மனநலத்துக்காக நிதி திரட்டும் மூவெம்பர் அமைப்பு நவம்பர் முழுவதற்கும் சேர்த்து 60 கி.மீ. என்றுதான் கேட்கிறது, உலகில் மணிக்கு 60 ஆண்களைத் தற்கொலையில் இழக்கிறோம் என்பதால் அந்த எண். நாலு நாள் படுத்துக்கிடந்தாலும் அப்புறம் எழுந்து வந்து சேர்ந்துகொள்ளலாம். இன்னொன்று, பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவே வேண்டாம், நேராக அறக்கட்டளைக்கே போகட்டும், ரசீதும் அவர்களே தரட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதையும் குரூப்பில் போடாதீர்கள்.

படிக்கட்டு:
மேலாளரிடம் பேசினேன். நிமிடக் கணக்குக்குச் சரி என்றார், பட்டியலை விடத்தான் மனசில்லை, இழுத்துப் பறித்துக் குழுப் பெயர்கள் மட்டும் வரும் என்று முடிந்தது. முழங்கால்காரர் நீச்சல் என்கிறார். நைட் ஷிப்ட்காரர் காலை 6 மணிக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது நான் வாசலில் நிற்க வேண்டுமாம், அரை மணி நேரம் நடந்துவிட்டு அவர் தூங்கப் போவார், நான் உள்ளே போய்க் கொட்டாவி விடுவேன். மதியத்தூக்கம், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு குழுவில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். ஒருவர் விலகிக்கொள்வதாகச் சொன்னார், காரணம் கேட்கவில்லை.